"நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு: மனநல பாதிப்புக்கான விஏ ரேட்டிங்கை உயர்த்தக் கேட்கும் வழி

படைப்பணியால் வந்த மனநல பாதிப்பு எத்தனை சதவீதம் (அதுதான் ரேட்டிங், மாதத் தொகை அதைப் பொறுத்தது) என்று தீர்மானிக்க, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏ ஒரு பரிசோதனை வைக்கும். அதற்கு முதல் முறை போனபோது நான் செய்த காரியம் இது. காலையில் முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவைத் துடைத்துக்கொண்டு அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். கை நடுக்கம் நிற்கட்டும் என்று பார்க்கிங்கில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் மருத்துவர் "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன் மேம்" என்றேன். நான்கு இரவுகளாகச் சரியாகத் தூங்காதவன் சொன்ன பதில் அது. தூக்கம் எப்படி என்றார், "பரவாயில்லை." வேலை? "சமாளிச்சுக்கிறேன்." சில வாரங்களில் கடிதம் வந்தது: 30 சதவீதம். அறிக்கையை வரவழைத்துப் படித்தேன். நேர்த்தியாக உடுத்தியிருந்தார், நலமாக இருப்பதாகத் தெரிவித்தார், வேலையைச் சமாளிக்கிறார் என்று இருந்தது. ஒரு வரியும் பொய்யில்லை. எல்லாம் என் வாயால் வந்ததுதான்.

அமெரிக்க ராணுவத்தில் தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் போக, கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் நின்றுபோன அந்தத் திட்டத்தில் வந்தவர்கள் பலர் இப்போது சீருடையைக் கழற்றிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். நான் வக்கீல் இல்லை. இரண்டு முறை இந்தப் பாதையில் நடந்தவன், சிலரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவன். மனநல பாதிப்பு பணியால் வந்ததுதான் என்று விஏ ஏற்கெனவே ஒப்புக்கொண்டு ஏதோ ஒரு ரேட்டிங் கொடுத்திருக்கிறது என்பது இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது ஓடிக்கொண்டிருந்தால் படிவமெல்லாம் பிறகு பார்க்கலாம். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள், அல்லது 838255-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2023 ஜனவரி 17 முதல், இப்படிப்பட்ட நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோர், விஏ மருத்துவச் சேவையில் பதிவு செய்திருக்காவிட்டாலும், எந்த அவசர மருத்துவமனைக்கும் போகலாம். செலவை விஏ ஏற்கிறது.

சதவீதம் எதை அளக்கிறது

விஏ நோயின் பெயருக்கு மதிப்பெண் போடுவதில்லை. பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன பாதிப்பு), மனச்சோர்வு, பதற்றநோய், இருமுனைக் கோளாறு எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான். அது கூட்டாட்சி விதித்தொகுப்பின் 38-ம் தலைப்பில் 4.130-ம் பிரிவில் இருக்கிறது. உணவுக் கோளாறுகளுக்கு மட்டும் தனி அளவுகோல். படிகள் 0, 10, 30, 50, 70, 100. நடுவில் 40, 60 எல்லாம் கிடையாது. பி.டி.எஸ்.டி.க்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று என்று இரண்டு ரேட்டிங்கும் கிடைக்காது. ஒரே பாதிப்புக்கு இரட்டைப் பணம் கூடாது என்கிறது அதே தலைப்பின் 4.14-ம் பிரிவு. ஆகவே "இன்னொரு நோயையும் சேர்த்துக்கோ, ஏறும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அளக்கப்படுவது இரண்டு: வேலை செய்யும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது, மனிதர்களோடு பழகும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது. 10 என்றால் கடும் அழுத்தம் வரும்போது மட்டும் லேசாகத் தடுமாற்றம், அல்லது தொடர் மருந்தால் கட்டுக்குள் இருப்பது. 30 என்றால் வேலைத்திறன் எப்போதாவது இறங்குகிறது, பொதுவாகச் சமாளித்துவிடுகிறார். வாரத்துக்கு ஒன்றோ அதற்குக் குறைவாகவோ பீதித்தாக்கு, நாள்பட்ட தூக்கமின்மை, பெயர்களும் வழிகளும் மறந்துபோவது இங்கே வரும். 50-ல் நம்பகத்தன்மையும் உற்பத்தியும் குறைகின்றன: வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பீதித்தாக்கு, தொடங்கிய வேலையை முடிக்க மறப்பது, உறவுகளை வைத்துக்கொள்வதில் சிரமம். 70-ல் வேலை, குடும்பம், சிந்தனை, தீர்மானம், மனநிலை எனப் பெரும்பாலான பக்கங்களில் ஓட்டை விழுந்திருக்கும்: தற்கொலை எண்ணம், ஏறக்குறைய ஓயாத மனச்சோர்வு அல்லது பீதி, கையை மீறும் கோபம், குளிக்காமல் உடை மாற்றாமல் கிடப்பது. 100 என்றால் இரண்டு பக்கமும் முழு முடக்கம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு டிக் போட்டுப் பார்த்து, "எனக்கு நாலுதான் இருக்கு, 70 வராது" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த அறிகுறிகள் எடுத்துக்காட்டுகள் மட்டுமே, எல்லாம் இருக்கவேண்டியதில்லை என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் மவர்ஹான் வழக்கில் சொல்லிவிட்டது. அறிகுறிகள் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம் என்பதே கேள்வி என்று 2013-ல் வாஸ்கெஸ்-கிளாடியோ வழக்கு தெளிவாக்கியது. 2017-ல் பாங்க்ஹெட் வழக்கு இன்னும் முக்கியம். திட்டம் போட்டிருக்கவேண்டும், முயன்றிருக்கவேண்டும் என்பதில்லை. "காலையில் கண் விழிக்காமலே போயிருந்தால் நல்லது" என்ற எண்ணமும் தற்கொலை எண்ணமே என்றது அது. நம்மவர்கள் வாய் திறக்காமல் விடுவதில் முதலிடம் இதற்குத்தான். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்.

இரண்டு படிகளுக்கு நடுவில் நிலைமை ஊசலாடினால், மேல்படிக்கு அதிகம் நெருங்கினால் அந்த மேல்படியையே கொடுக்கவேண்டும் என்கிறது 4.7-ம் பிரிவு. சான்று இரு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் நமக்கு.

இந்த அளவுகோலையே மாற்ற விஏ 2022 பிப்ரவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. அறிகுறிப் பட்டியலுக்குப் பதில் ஐந்து வாழ்க்கைத் துறைகளை அளப்பது, குறைந்தபட்சம் 10 சதவீதம் கொடுப்பது என்பவை அதில் இருந்தன. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் 4.130 எப்படி இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கோப்பைத் திறக்கலாமா?

உயர்த்தக் கேட்டால் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. உயர்வு கேட்டால் புதிய பரிசோதனை வரும். அதில் "முன்னேற்றம்" என்று எழுதப்பட்டால் குறைப்புக்கு வழி திறக்கும். ஆனால் குறைக்க விதிகள் இருக்கின்றன. கிடைத்துக்கொண்டிருக்கும் தொகை குறையும் என்றால் முதலில் முன்மொழிவுக் கடிதம் அனுப்பவேண்டும். எதிர்ச்சான்று கொடுக்க 60 நாள், நேரில் விசாரணை கேட்க 30 நாள். ஒரே ரேட்டிங் 5 ஆண்டு நின்றுவிட்டால், நிலையான முன்னேற்றத்தைக் காட்டாமல் குறைக்க முடியாது. 20 ஆண்டு நின்றுவிட்டால், மோசடி இருந்தாலொழிய அதற்குக் கீழே இறக்கவே முடியாது. என் கணக்கு இது: கடைசிப் பரிசோதனைக்குப் பிறகு வேலை போயிருக்கிறது, மருந்தின் அளவு கூடியிருக்கிறது, மருத்துவமனையில் இருந்திருக்கிறீர்கள், மணவாழ்க்கை உடைந்திருக்கிறது என்றால் தயங்கவேண்டாம். "போன வருஷம் மாதிரியேதான், ஆனா பணம் பத்தலை" என்பது மட்டும் காரணமானால் கோப்பைத் தொடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருந்த அட்டவணைப்படி, சார்ந்தவர் யாரும் இல்லாதவருக்கு மாதம் 30 சதவீதத்துக்கு 537.42 டாலர், 50-க்கு 1,102.04, 70-க்கு 1,759.19, 100-க்கு 3,831.30. ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறும். வரி இல்லை.

முதல் வேலை: தேதியைப் பிடித்துவைப்பது

சான்றெல்லாம் சேர்ந்த பிறகு போடலாம் என்று ஆறு மாதம் ஓட்டாதீர்கள். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தெரிவிக்கும் 21-0966 படிவத்தை இன்றே அனுப்புங்கள். விஏ இணையதளத்தில் உள்நுழைந்து விண்ணப்பத்தைத் தொடங்கினாலே அது தானாகப் பதிவாகிவிடும். அன்றிலிருந்து ஓராண்டு அவகாசம். அதற்குள் 21-526ஈஇசட் படிவத்தில் உயர்வு கேட்டு முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், பணம் 21-0966 பதிவான நாளிலிருந்து கணக்காகும். இன்னொன்று: விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நிலைமை மோசமானதை ஆவணம் காட்டினால், மோசமான அந்த நாள்வரை பின்னோக்கியும் போகலாம். ஆகவே பழைய அவசரச் சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கூடவே 20-10206 படிவம் போட்டு உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள். போன தடவை பரிசோதகர் என்ன எழுதினார் என்று தெரியாமல் இந்தத் தடவை என்ன சொல்வது? வர நாளாகும். அதனால்தான் முதலிலேயே கேட்கச் சொல்கிறேன்.

காகிதம் சேர்ப்பது

சிகிச்சைப் பதிவு இல்லாமல் உயர்வு கேட்பது வெறுங்கையால் முழம் போடுவது. விஏ மருத்துவமனையில் பார்த்தால் பதிவுகள் அவர்களிடமே இருக்கும். வெளி மருத்துவர் என்றால் நீங்களே நகல் வாங்கிச் சேர்ப்பது நல்லது. 21-4142 கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விஏ வாங்கும், ஆனால் அந்தக் காத்திருப்பு வேறு. விஏவின் ஆலோசனை மையமான வெட் சென்டரில் ஆலோசனை பெறுபவர்கள் கவனிக்கவும்: அங்குள்ள குறிப்புகள் இரகசியமானவை, உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது. வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்டு வாங்கிச் சேர்க்கவேண்டும்.

அந்தப் பதிவுகளைப் படித்துப் பாருங்கள். மாதாமாதம் "நிலைமை சீராக உள்ளது" என்று இருக்கும். சீராக மோசமாக இருப்பதற்கும் அந்த வார்த்தையைத்தான் போடுகிறார்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: இந்த மாதம் எத்தனை இரவு தூங்கினேன், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எத்தனை முறை கத்தினேன். எண்ணோடு சொன்னால் எண்ணோடு எழுதுவார்.

உயர்வு கேட்பதற்குக் காரணத்தொடர்புக் கடிதம் தேவையில்லை. பாதிப்பு பணியால் வந்தது என்பது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். இது தெரியாமல் அந்தக் கடிதத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயனுள்ளது வேறு: உங்கள் மனநல மருத்துவர் விஏவின் கேள்விப்படிவத்தை, டிபிக்யூ என்பார்கள், நிரப்பிக் கொடுப்பது. பி.டி.எஸ்.டி. மறுபரிசீலனைக்கான படிவத்தை வெளி மருத்துவரும் நிரப்பலாம்.

அடுத்தது வாக்குமூலம். 21-4138-ல் உங்களுடையது, 21-10210-ல் உங்களைப் பார்ப்பவர்களுடையது. நான் முதலில் எழுதியது: "எனக்கு அடிக்கடி கோபம் வருகிறது, சத்தம் பிடிக்காது." இரண்டாம் முறை எழுதியது: "மார்ச் மாதம் கிடங்கில் ஒரு பேலட் கீழே விழுந்தது. சத்தம் கேட்டதும் மேஜைக்கடியில் போய்விட்டேன். வெளியே வர பத்து நிமிடம் ஆனது. மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பினார். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை." இரண்டும் ஒரே ஆளின் ஒரே நோய். இரண்டாவதைப் படிப்பவருக்கு எந்தப் படியில் வைக்கவேண்டும் என்று தெரியும்.

என் மனைவி எழுதித் தந்த ஒரு பக்கத்தில் மருத்துவச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. "கல்யாண வீட்டுக்குப் போனால் கதவுப் பக்கத்து நாற்காலிதான் வேண்டும் என்பார். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரமாட்டார், காரில் காத்திருப்பார். மூன்று வருஷமாகப் பொங்கல் விழாவுக்கு நானும் பிள்ளையும் மட்டும் போகிறோம். ராத்திரி அவரைத் தொட்டு எழுப்பமாட்டேன், காலடியில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஒருமுறை தோளைத் தொட்டதில் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது." தமிழில்தான் எழுதினாள், நாங்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் போட்டு, மூலத்தையும் சேர்த்து அனுப்பினோம். ஊரில் இருக்கும் அம்மா எழுதுவதானாலும் இதே வழிதான். கூட வேலை செய்பவர், கூடப் படையில் இருந்தவர் எழுதுவதும் எடைபோடும். எல்லோரும் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். நோயின் பெயரை அவர்கள் சொல்லவேண்டாம்.

வேலையிடத்து எச்சரிக்கைக் கடிதம், விடுப்புக் கணக்கு, சம்பளச் சீட்டில் குறைந்த மணிநேரம் ஆகியவற்றையும் சேருங்கள்.

பரிசோதனை அறை

சி அண்ட் பி என்று சொல்லப்படும் இந்தப் பரிசோதனையைப் பெரும்பாலும் விஏவுக்காக ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். தக்க காரணம் இல்லாமல் போகாவிட்டால் உயர்வு கோரிக்கையை நிராகரிக்க விதியே இருக்கிறது. போக முடியாத நாளென்றால் முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள்.

பரிசோதகர் நிரப்பும் படிவத்தில் ஓரிடத்தில் ஏழு வாக்கியங்கள் இருக்கும். அதில் ஒன்றே ஒன்றுக்கு டிக் போடவேண்டும். அவை ஏறக்குறைய அப்படியே மேலே சொன்ன படிகளின் வாசகங்கள். முடிவெடுக்கும் அதிகாரி அந்த டிக்குக்குக் கட்டுப்பட்டவர் அல்லர், மொத்தச் சான்றையும் பார்க்கவேண்டியவர். ஆனால் அவர் கண் முதலில் போவது அங்கேதான்.

நமக்கு ஒரு வியாதி உண்டு: பெரியவர், டாக்டர், அதிகாரி என்றால் முதுகு நிமிர்ந்துவிடும். ராணுவம் அதை இன்னும் இறுக்கிவிடும். "எப்படி இருக்கீங்க" என்ற கேள்விக்கு "நன்றி, தூக்கம் சரியில்லை" என்று ஆரம்பித்துப் பழகுங்கள். வழக்கமாக எந்த உடையில் இருப்பீர்களோ அதிலேயே போங்கள். பரட்டைத் தலையோடு வேஷம் போடவும் வேண்டாம், நான் செய்தது மாதிரி மாப்பிள்ளைக் கோலமும் வேண்டாம். நல்ல நாளைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கூடவே மோசமான நாள் மாதத்தில் எத்தனை என்பதையும் சொல்லுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். பரிசோதகர்கள் தினமும் பலரைப் பார்க்கிறவர்கள். மிகைப்படுத்தல் என்று ஒரு வரி எழுதிவிட்டால் உண்மையாகச் சொன்னதும் சேர்ந்து போய்விடும்.

ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகலாம். நான் எட்டு வரி எழுதிக்கொண்டு போனேன், நடுவில் மறந்துபோய் "பார்த்துச் சொல்லலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். மறதி என்ற வரிக்கு அதுவே சாட்சியாயிற்று. வெளியே வந்ததும் எத்தனை நிமிடம் நடந்தது, என்ன கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று எழுதிவையுங்கள். பிறகு அறிக்கை தவறாக வந்தால் கைகொடுக்கும்.

கடிதம் வந்த பிறகு

முடிவுக் கடிதத்தில் முதல் பக்கத்துச் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சான்றுகளைப் பார்த்தோம் என்ற பட்டியலில் நீங்கள் அனுப்பியது எல்லாம் இருக்கிறதா? அடுத்த படி ஏன் கிடைக்கவில்லை என்ற பத்தியில் எதைச் சொல்கிறார்கள்? அடுத்து எங்கே போவது என்பது அந்தப் பத்தியைப் பொறுத்தது. 2019 பிப்ரவரி 19 முதல் நடப்பில் உள்ள முறையில் மூன்று பாதைகள். ஓராண்டுக்குள் ஏதாவது ஒன்றில் போனால், பணம் கணக்காகும் பழைய தேதி காப்பாற்றப்படும்.

சான்று போதவில்லை என்றால் புதிய, பொருத்தமான சான்றோடு துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. சான்று கையிலேயே இருக்கிறது, அவர்கள்தான் படிக்கவில்லை என்றால் உயர்நிலை மறுஆய்வு, 20-0996. இதில் புதிதாக ஒரு தாளும் சேர்க்க முடியாது. ஆனால் மூத்த அதிகாரியோடு தொலைபேசியில் ஒருமுறை பேசக் கேட்கலாம், கேளுங்கள். மனைவியின் கடிதம் மூன்றாம் பக்கம், பரிசோதகர் அதைத் தொடவே இல்லை என்று சுட்டிக்காட்ட அந்தப் பத்து நிமிடம் போதும். மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182; நீதிபதி பார்ப்பார், ஆண்டுக்கணக்கில் ஆகும். இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன்.

வேலையே செய்ய முடியாதவர்கள் 21-8940-ஐயும் சேர்த்துப் போடவேண்டும். ஒரே பாதிப்புக்கு 60 அல்லது அதற்கு மேல், அல்லது பல பாதிப்புகளில் ஒன்று 40-க்குக் குறையாமல் இருந்து மொத்தம் 70 அல்லது அதற்கு மேல் இருந்தால், நிலையான சம்பள வேலை பார்க்க முடியவில்லை என்று காட்டி 100 சதவீதத்துக்குரிய பணத்தைப் பெற வழி உண்டு. மனநலத்துக்கு 70 இருப்பவர் அந்த ஒன்றை வைத்தே தகுதி பெறுகிறார். சொந்தக்காரர் கடையில் இரக்கத்தால் வைத்துக்கொண்டிருக்கும் வேலை இதற்குத் தடையாகாமல் போகலாம். அந்த இரக்கத்தைக் கடைக்காரரே எழுத்தில் தரவேண்டும்.

யாரிடம் உதவி கேட்பது? டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் காசு வாங்குவதில்லை; பல கவுண்டிகளில் அதற்கென்றே அலுவலர் இருக்கிறார். வக்கீல் முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் வாங்கலாம். உங்களுக்கு வரும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று விதி கருதுகிறது, மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமில்லை என்று கருதுகிறது. "100 உறுதி, உயர்ந்த பிறகு ஐந்து மாத உயர்வைக் கொடுங்கள்" என்று விளம்பரம் செய்பவர்களின் பெயர் விஏவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். வெளிநாட்டில் இருப்பவர்களின் கோரிக்கைகளைப் பெரும்பாலும் பிட்ஸ்பர்க் அலுவலகம் பார்க்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாதிப்புக்கு உள்ளூரில் எடுக்கும் சிகிச்சைச் செலவை வெளிநாட்டு மருத்துவத் திட்டம் திருப்பித் தரும். பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் நோயின் பெயரும் தேதியும் தொகையும் தெளிவாக உள்ள ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுகள்தான் அடுத்த உயர்வுக்கான சிகிச்சைப் பதிவும்.